மரக்கால்பட்டு ஆடுகளின் சம்மதம்

1984ஆம் வருடத்து ஐப்பசி மழையில் மரக்கால்பட்டு ஆடுகள் நனைவதை நிறுத்தியபோது அரங்கநாதனின் மனைவி அம்சா நான்காவது வருடமாகக் கர்ப்பமாக இருந்தாள். இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்ததால் யாரும் வாயைப் பிளக்கவில்லை. விழுப்புரம் பக்கம் கெடாருக்கு மேற்கே, பஸ் திரும்புகிற இடத்துக்கு மட்டும் தார் போட்டிருந்த அந்த ஊரில் அந்த வருடம் வாயைப் பிளக்க வைத்தது மல்லாட்டை என்கிற நிலக்கடலையின் விலை ஒன்றுதான். மழை ஆட்டின் முதுகுக்கு ஒரு சாண் மேலே வந்ததும் தயங்கி, இரண்டாகப் பிரிந்து, இரு பக்கமும் வழிந்து போனது. குடை இல்லாதவர்கள் முதலில் ஆட்டுக்குப் பக்கத்தில் ஒண்டிப் பார்த்தார்கள். பிறகு ஆட்டையே தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடக்கக் கற்றுக்கொண்டார்கள். கல்யாணத்துக்குக் கிளம்பியவர்கள் பட்டுப்புடவை கெடாமலிருக்கப் பக்கத்து வீட்டில் ஆடு இரவல் கேட்டார்கள். கொடுத்தவர்கள் வழியில் புழுக்கை போடாத ஆடாகப் பார்த்துக் கொடுத்தார்கள். விழுப்புரம் ஜங்ஷனில் கொட்டுகிற மழையில் ஒருவர் தோளில் ஆட்டோடு, சட்டையில் ஒரு சொட்டு ஈரமில்லாமல் வந்து இறங்கியபோது, டிக்கெட் பரிசோதகர் ஆட்டுக்கு டிக்கெட் எங்கே என்று மட்டும் கேட்டார்.

ஆடுகள் ஒரே நாளில் இந்த நிலைக்கு வந்துவிடவில்லை. ஊர் எல்லையம்மனுக்குக் கிடா வெட்டுவதற்கு ஒரு முறை இருந்தது. கிடாவைக் கோயில் முன்னால் நிறுத்தி, மாலை போட்டு, மஞ்சள் தண்ணீரைத் தலையிலும் முதுகிலும் ஊற்றுவார்கள். ஆடு உடம்பைச் சிலுப்பினால் அதற்குச் சம்மதம், அம்மனுக்கும் சம்மதம். சிலுப்பாவிட்டால் கத்தியைத் தொடக் கூடாது. பெண்ணைக் கட்டிக் கொடுக்கும்போது பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்காத ஊர், ஆட்டிடம் கேட்காமல் ஆட்டை வெட்டாது. தண்ணீர் பட்டால் எந்த ஆடும் சிலுப்பத்தான் செய்யும் என்பதால் இந்த மரியாதையால் யாருக்கும் நஷ்டம் இல்லாமல் இருந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில், ஏரி வெடித்துக் கிடந்த ஒரு வருடம், சின்னதுரை என்பவரின் கறுப்புக் கிடா சிலுப்பவில்லை. குடம் குடமாக ஊற்றிப் பார்த்தார்கள். குடிக்கத் தண்ணீர் இல்லாத நாளில் அத்தனையும் ஆட்டின் மேல் போவதைப் பார்த்துப் பெண்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். கிடா எங்கோ யோசனையாகப் பார்த்துக்கொண்டு நின்றது. அம்மன் அதை வேண்டாம் என்று விட்டுவிட்டாள் என முடிவாகி, அது அம்மன் கிடாவாக ஊரைச் சுற்றி வர ஆரம்பித்தது. அம்மன் கிடாவைக் கட்டக் கூடாது, விரட்டக் கூடாது, கேப்பைக் கதிரைத் தின்றாலும் கைகட்டி நிற்க வேண்டும். அது சேர்ந்த பெட்டை இருக்கும் வீட்டுக்கு நல்லது என்று ஒரு பேச்சு கிளம்பியதும், பெட்டை வைத்திருந்தவர்கள் எல்லாம் அது வரும் வழியில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அதன் குட்டிகளில் சிலுப்பியவை குழம்பாயின, சிலுப்பாதவை தகப்பன்களாயின. அந்தத் தகப்பன்களின் குட்டிகளிலும் அப்படியே நடந்தது. இப்படியாக ஊரே வட்டமாக உட்கார்ந்து, விரலைச் சப்பிக்கொண்டே, சம்மதிக்காத ஆட்டு வம்சம் ஒன்றை உண்டாக்கி முடித்தது. என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கறி அவ்வளவு நன்றாக இருந்தது.

இந்த லட்சணத்தில்தான் தையல்நாயகி போய் வேண்டிக்கொண்டாள். அவள் அரங்கநாதனின் தாய். நிலத்தையும் மகனையும் ஒரே குரலில் அதட்டி வேலை வாங்கியவள். கோலியனூர் கிருஷ்ணசாமியின் மகள் அம்சாவை மருமகளாகக் கொண்டுவந்து இரண்டு வருடம் ஆகியும் வீட்டில் புளிப்பு மாங்காய்க்கு வேலை வராததால், மருமகள் வயிற்றில் ஒன்று தங்கினால் பிரசவத்துக்கு முன்னால் ஒரு கிடா வெட்டுகிறேன் என்று எல்லையம்மனிடம் சொல்லிவிட்டாள். பிரசவத்துக்குப் பின்னால் என்று சொல்லியிருந்தால் ஒரு வம்பும் இல்லை. 1981 மாசியில் அம்சாவுக்கு நாள் தள்ளிப்போனது. ஐப்பசியில் கிடாவை நிறுத்தினார்கள், சிலுப்பவில்லை. அடுத்ததை நிறுத்தினார்கள், அதுவும் இல்லை. கார்த்திகையில் அம்சாவுக்கு இடுப்பு வலி எடுத்தது, மருத்துவச்சி வந்தாள், வெந்நீர் கொதித்தது, பிறகு வலி எதையோ மறந்து வைத்துவிட்டது போலத் திரும்பிப் போய்விட்டது. வேண்டுதல் பாக்கி இருப்பதால் குழந்தை உள்ளேயே நின்றுகொண்டிருக்கிறது என்று பூசாரி பச்சைமுத்து சொன்னார். விழுப்புரத்தில் டாக்டரம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்து, குழந்தை நன்றாக இருக்கிறது, தலை வாசலைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது, அடுத்த வாரம் வா என்றார். அடுத்த வாரமும் அதையே சொன்னார். அடுத்த வருடமும் அதையே சொன்னார். வருடம் தவறாமல் வளைகாப்பு போட்டதில் அம்சாவின் இரண்டு கைகளும் முழங்கை வரைக்கும் கண்ணாடியாகிவிட்டன. அவள் பாத்திரம் தேய்த்தால் தெருக்கோடிக்குக் கேட்கும்.

சம்பந்திகளுக்குள் சண்டை மூண்டது அப்போதுதான். தங்கள் பக்கத்தில் இத்தனை பிடிவாதம் யாருக்கும் கிடையாது, இது கோலியனூர் ரத்தம் என்று தையல்நாயகி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். கிருஷ்ணசாமியும் சளைத்தவரல்ல. ரத்தம் யாருடையதாக இருந்தால் என்ன, வயிற்றுக்குள் இருந்தாலும் பிள்ளை வளர்வது உங்கள் வீட்டில், உங்கள் சோற்றைத் தின்று, உங்கள் வாயிலிருந்து வருவதையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டுதான் வளர்கிறது, வளர்ப்பு சரியில்லை என்று ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார். ஊர் ரத்தக் கட்சி, வளர்ப்புக் கட்சி என்று இரண்டாகப் பிரிந்தது. டீக்கடையில் பெஞ்சே தனித்தனியாகப் போட வேண்டியிருந்தது. மகன் பரீட்சையில் தேறினால் ரத்தக் கட்சிக்குப் போவதும், தேறாவிட்டால் வாத்தியார் வளர்த்த லட்சணம் என்று வளர்ப்புக் கட்சிக்கு மாறுவதும் சாதாரணமாக நடந்தது. அரங்கநாதன் இரண்டு பெஞ்சிலும் உட்கார முடியாமல் நின்றுகொண்டே டீ குடித்தான். அவன் நல்லவன். அதுவே அம்சாவுக்குப் பெரிய எரிச்சலாக இருந்தது. மூன்றாம் வருடத்துக்குள் அவனுக்கு எல்லாம் பழகிவிட்டது. தூங்கும்போது வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு, மல்லாட்டைக்கு மருந்தடிப்பது பற்றிப் பிள்ளையிடம் பேசிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வான்.

அம்சாவுக்கு ரத்தமும் வேண்டாம், வளர்ப்பும் வேண்டாம். அவளுக்கு அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். அவளுக்குக் கல்யாணமான வருடத்தில் தாலி கட்டிக்கொண்டவர்கள் இரண்டாவதையும் பெற்று, மூன்றாவதைப் பெற்று, குடும்பக் கட்டுப்பாடும் செய்துகொண்டு வந்துவிட்டார்கள். இவள் குனிந்து நாற்று நட முடியாமல், மல்லாந்து படுக்க முடியாமல், சொந்தக் காலைப் பார்த்தே பல வருடமாகி உட்கார்ந்திருந்தாள். உள்ளே இருப்பது ஆணா பெண்ணா, கறுப்பா சிவப்பா, காது எப்படி, மூக்கு எப்படி, ஒன்றும் தெரியாது. ரேடியோவில் விவசாயச் செய்தி வந்தால் உதைக்கும், தையல்நாயகி குரல் உயர்ந்தால் சுருண்டுகொள்ளும், புளிச்சோறு தின்றால் குதிக்கும் என்பது மட்டும் தெரியும். இத்தனை தெரிந்த ஒருத்தரை இன்னும் பார்த்ததில்லை என்பதை நினைத்தால் அவளுக்கு அழுகை வரும். அழுதால் உள்ளே இருப்பது விக்கும். அதனால் அழுவதையும் விட்டுவிட்டாள்.

சந்தையில் ஒரு கிடா பிடித்து வந்து வெட்டிவிட்டால் என்ன என்று வெளியூர்க்காரர்கள் எல்லோரும் கேட்டார்கள். அவள் எல்லையம்மன். எல்லைக்குள் பிறந்த உயிரைத்தான் அவள் வாங்குவாள்; வெளியூர் ஆட்டைத் திரும்பியும் பார்க்க மாட்டாள். ஆகவே பச்சைமுத்து உள்ளூர் ஆடுகளோடு மல்லுக்கு நின்றார். குளிர்ந்த தண்ணீர், வெந்நீர், பன்னீர், எல்லாம் ஊற்றிப் பார்த்தார். மூக்குப்பொடி காட்டியதில் ஒரு கிடா தும்மியது. தும்மல் சம்மதமாகுமா என்று இரண்டு நாள் பஞ்சாயத்து நடந்து, ஆகாது என்று தீர்ப்பானது. 84 மழையில் ஆடுகள் நனைவதையே நிறுத்தியதும் அவருக்கு இருந்த கடைசி வழியும் அடைபட்டது. செம்பைக் கவிழ்த்தால் தண்ணீர் ஆட்டைத் தொடாமல் அவர் வேட்டியை நனைத்தது. குளத்தில் தள்ளிப் பார்த்தார்கள். குளம் ஒதுங்கி வழிவிட்டது. ஆடு தரையில் நடந்து அக்கரை ஏறி, வேலியோரத்தில் மேய ஆரம்பித்தது.

அந்த மார்கழியில் அம்சா யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறித் திண்டிவனம் போனாள். அங்கே கால்நடை மருத்துவர் கோதண்டபாணி இருந்தார். முன்பு கெடார்ப் பக்கம் மாட்டுக்குச் சினை ஊசி போட வந்துகொண்டிருந்தவர் என்பதால் முகம் தெரியும். நீ மனுஷ டாக்டரையல்லவா பார்க்க வேண்டும் என்று அவர் கேட்டதற்கு, வயிற்றில் கோளாறில்லை சார், ஆட்டில்தான் கோளாறு என்று தொடங்கி, சின்னதுரையின் கறுப்புக் கிடாவிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். கோதண்டபாணி கேட்டுக்கொண்டே வந்து, பாதியில் மேசையைத் தட்டிச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

“சிலுப்பற ஆட்டயெல்லாம் தின்னுட்டு, சிலுப்பாத ஆட்டயெல்லாம் வளத்துக்கினு இருக்கீங்க. பத்து வருஷம் இப்பிடிப் பண்ணா யானையக்கூட எலி சைசுக்குக் கொண்டாந்துடலாம்மா. நீங்களே பொறுக்கியெடுத்த ரத்தம் அது. அம்மன் மேல ஏன் பழி போடறீங்க?”

ரத்தம்தான் என்றால் தன் கதை முடிந்தது என்று அம்சா எழுந்தாள். அவர் உட்காரச் சொன்னார். ரத்தம் பாதி, மீதியை அந்தக் குட்டி தாயைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறதோ என்னவோ, எனக்கும் தெரியாது, வேண்டுமானால் பார்த்துவிடலாம் என்றார். மரக்கால்பட்டில் பிறக்கும் குட்டி ஒன்றை ஈன்ற ஈரம் காய்ந்ததும் திண்டிவனத்துக்குக் கொண்டுவந்து, தன் ஜாதியின் முகமே தெரியாமல் வளர்க்க வேண்டும். அதற்குப் பதிலாகத் திண்டிவனத்துக் குட்டி ஒன்றை அந்தத் தாயிடம் விட வேண்டும். குட்டியை வளர்க்க அவர் கைகாட்டியது பஸ் நிலையத்துக்குப் பின்னால் இட்லிக்கடை வைத்திருந்த லூர்துமேரியை. லூர்துமேரி கணவனை இழந்தவள். கோழியும் ஒரு நாயும் அவளுக்குச் சொந்தபந்தம். அம்சாவின் வயிற்றை ஒருமுறை பார்த்துவிட்டு, எத்தனை மாசம் என்று கேட்டாள். அம்சா சொன்னாள். லூர்துமேரி இன்னும் இரண்டு இட்லி வைத்தாள்.

1985 தையில் குட்டிகள் கைமாறின. மரக்கால்பட்டுக் குட்டி திண்டிவனத்தில் கோழிகளோடு வளர்ந்தது. அதற்குத் தான் ஆடு என்று சொல்லித்தர யாருமில்லை. பொழுது சாய்ந்தால் கோழிகளோடு தள்ளுவண்டி மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும், அந்நியர் வந்தால் நாயோடு சேர்ந்து குரைக்கப் பார்க்கும். மழை பெய்தால் தொப்பலாக நனையும். நனைந்தால் சிலுப்பும், நனையாவிட்டாலும் சிலுப்பும். பாண்டிச்சேரி பஸ் ஹாரன் அடித்தால் சிலுப்பும், இட்லிப் பானையைத் திறந்து ஆவி வந்தால் சிலுப்பும். உலகத்தில் எது கேட்டாலும் சரி சரி என்கிற ஆடாக அது இருந்தது. இங்கே மரக்கால்பட்டிலோ, திண்டிவனத்திலிருந்து வந்த குட்டி மாற்றாந்தாயின் மடியில் குடித்து, அவள் பார்க்கிற பக்கம் பார்த்து, அவள் நிற்கிற மாதிரி நின்று, அந்தச் சித்திரை மழையிலேயே ஒரு சொட்டு நனையாமல் நின்றது. கோதண்டபாணி ஜீப் எடுத்துக்கொண்டு வந்து பார்த்துவிட்டு, வளர்ப்புதான், எல்லாமே வளர்ப்புதான் என்று தெருவில் நின்று அறிவித்தார். வளர்ப்புக் கட்சி அவருக்கு இளநீர் வெட்டியது. அப்போது பச்சைமுத்து, அதே பட்டியில் அதே ஆட்டுக்குப் பக்கத்தில் வளர்கிற நாய்க்குட்டி ஏன் நனைகிறது என்று கேட்டார். டாக்டர் நாய்க்குட்டியைப் பார்த்தார். அது நனைந்து, உதறி, அவர் பேண்ட்டை நாசம் செய்தது. இளநீரைக் கீழே வைத்துவிட்டு, சரி, இரண்டும் வேண்டும், ஆட்டு ரத்தமும் வேண்டும், ஆட்டுச் சகவாசமும் வேண்டும், எது எத்தனை பங்கு என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள் என்றார். யாருக்கும் வெற்றியில்லாத இந்தப் பதில் ஊருக்குப் பிடிக்கவில்லை. இரண்டு கட்சியும் சேர்ந்து அவரைத் திட்டியது.

அம்சா மாதம் ஒருமுறை குட்டியைப் பார்க்கத் திண்டிவனம் போனாள். கண்டக்டர்களுக்கு அவளைத் தெரியும். டிரைவர் பக்கத்து சீட்டை அவளுக்கென்று விட்டு வைப்பார்கள். லூர்துமேரியின் கடையில் உட்கார்ந்து, கிடாவாக வளர்ந்துகொண்டிருந்த குட்டியின் மேல் டம்ளரிலிருந்து நாலு சொட்டுத் தெளித்து, அது சிலுப்புவதைப் பார்த்துவிட்டு, மனசு லேசாகித் திரும்புவாள். 1986 ஆடியில் கிடாவை எடுத்துப் போக வந்தபோது லூர்துமேரி கயிற்றைக் கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

“தங்கச்சி, ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. வெள்ளிக்கிழம வெட்டணும்னா வெள்ளிக்கிழம காலைல ஃபர்ஸ்ட் பஸ்ஸுக்குக் கூட்டிக்கினு போய், எறங்கின கையோட முடிச்சிடு. சொந்தக்காரங்க நடுவுல நாலு நாளு விட்டீன்னா எதுவும் கெட்டுப்பூடும். மனுஷனே கெட்டுப்பூடறான்.”

அம்சாவுக்கும் அது சரி என்றுதான் பட்டது. ஆனால் மரக்கால்பட்டில் நேர்ந்துவிடுகிற முறை என்று ஒன்று இருந்தது. அம்மனுக்கு என்று நேர்ந்த கிடா, வெட்டுவதற்கு முன்னால் எட்டு நாள் ஊர் மந்தையோடு மேய்ந்து, ஊர்ப் புல்லைத் தின்று, ஊர்த் தண்ணீரைக் குடித்திருக்க வேண்டும். இத்தனை வருடம் காத்திருந்துவிட்டு எட்டு நாளுக்காக முறையைக் கெடுத்தால் அம்மன் கோபித்துக்கொள்வாள் என்று தையல்நாயகி கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு போய் மந்தையில் விட்டாள். அரங்கநாதன் எப்போதும் போலத் தாய் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, மனைவி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்றான். முதல் நாள் கிடா கூரையேறி உட்கார்ந்தது. மந்தை முழுவதும் கீழே நின்று அதை அண்ணாந்து பார்த்தது. இரண்டாம் நாள் அது இறங்கி வந்தது. நாளாக நாளாக அதைப் பெற்ற தாய் அதன் பக்கத்திலேயே நின்று, கோயில் இருக்கிற திசையைப் பார்த்தபடி அசை போட்டுக்கொண்டிருந்தது. பாடம் என்று பார்த்தால் அவ்வளவுதான் நடந்தது. வியாழக்கிழமை ஒரு தூறல் விழுந்தபோது அம்சா ஓடிப்போய்ப் பார்த்தாள். கிடாவின் முதுகில் ஈரம் இருந்ததா இல்லையா என்று அவளால் சொல்ல முடியவில்லை. அவள் கண் கலங்கியிருந்தது.

ஆடி வெள்ளியன்று கூட்டம் தாங்கவில்லை. கோலியனூரிலிருந்து கிருஷ்ணசாமி தன் கட்சியோடு வந்திருந்தார். மேல்மலையனூருக்கு அமாவாசைக்குப் போகிற கூட்டம் போல வண்டி கட்டிக்கொண்டு வந்தவர்களும் உண்டு. கறிக்கு வாழையிலை அறுத்துத் தயாராக இருந்தது. கோதண்டபாணியும் ஒரு ஓரத்தில் நின்றார். பச்சைமுத்து மஞ்சள் தண்ணீர்ச் செம்பை இரண்டு கையாலும் தூக்கிக் கிடாவின் மேல் கவிழ்த்தார். தண்ணீர் ஒரு சாண் உயரத்தில் நின்று, பிரிந்து, மண்ணில் விழுந்தது. கிடா எங்கோ யோசனையாகப் பார்த்துக்கொண்டிருந்தது. கூட்டத்திலிருந்து ரத்தம் என்று ஒரு குரல் கேட்டது. அதெப்படி, எட்டு நாள் சகவாசம் என்று இன்னொரு குரல் கேட்டது. தையல்நாயகியும் கிருஷ்ணசாமியும் அம்மனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். கோதண்டபாணி யாரிடமோ விகிதக் கணக்கு சொல்ல ஆரம்பித்தார்.

அம்சா எழுந்தாள். ஐந்து வருடத்துக்கு மேல் சுமந்த வயிற்றோடு எழுவது சாதாரண வேலையல்ல. வளையல் சத்தத்திலேயே பாதிக் கூட்டம் திரும்பிவிட்டது. பூசாரியின் கையிலிருந்து செம்பை வாங்கினாள். அடியில் கொஞ்சம் தண்ணீர் இருந்தது.

“ஆட்டக் கேட்டீங்க. பூசாரியக் கேட்டீங்க, டாக்டரக் கேட்டீங்க. எங்கப்பாவும் எங்க அத்தையும் இத்தினி வருஷமா ஒருத்தர ஒருத்தர் கேட்டுக்கினே இருக்காங்க. வரப்போறது அது. அத யாராவது ஒரு வார்த்த கேட்டீங்களா? நான் சொமக்கறவ, நானே கேக்கல.”

சொல்லிவிட்டு முந்தானையை விலக்கி, மிச்சமிருந்த தண்ணீரைத் தன் வயிற்றின் மேல் ஊற்றினாள். குனிந்து, பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுகிற குரலில், “வர இஷ்டமா, இல்லியா? எதுவானாலும் சொல்லிடு, நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன்” என்றாள்.

வயிறு சிலுப்பியது. இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம், அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் என்று மஞ்சள் தண்ணீர் முன்வரிசைக்காரர்களின் முகத்தில் தெறிக்கும்படி சிலுப்பியது. பச்சைமுத்து பழக்க தோஷத்தில் சம்மதம் ஆகிவிட்டது என்று கூவிக் கத்தியையும் கையிலெடுத்துவிட்டார். பிறகு சுற்றிலும் பார்த்து, கூச்சப்பட்டு, வேட்டியில் துடைத்துக் கீழே வைத்தார். கறிச்சோற்றுக்கு வந்திருந்த மருத்துவச்சி புடவையை வரிந்து கட்டினாள். கோயிலுக்குப் பின்னால் நாலு பெண்கள் சேலையைப் பிடித்துக்கொள்ள, இலை போட்டிருந்தால் பரிமாறி முடித்திருக்கும் நேரத்துக்குள் பெண் குழந்தை பிறந்தது. எல்லாக் குழந்தைகளையும் போலச் சின்னதாக, சுருக்கமாக, கோபமாக இருந்தது. அம்சா அதன் முகத்தைப் பார்த்தாள். அவ்வளவு நேரம் அடக்கி வைத்ததையும் அவ்வளவு வருடம் அடக்கி வைத்ததையும் சேர்த்து அழுதாள். அரங்கநாதன் பிள்ளையைக் கையில் வாங்கி, மல்லாட்டைக்கு மருந்தடித்தாகிவிட்டது என்று அதனிடம் சொன்னான். தையல்நாயகி எட்டிப் பார்த்து, நெற்றி எங்கள் வீட்டு நெற்றி என்றாள். மோவாய் கோலியனூர் என்றார் கிருஷ்ணசாமி. சண்டை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

கிடாவை யாரும் வெட்டவில்லை. கேட்க வேண்டியவரைக் கேட்டாகிவிட்டது, பதிலும் வந்துவிட்டது, அம்மனுக்கு இதற்கு மேல் பாக்கி இல்லை என்று பச்சைமுத்து தீர்த்துச் சொன்னார். வந்தவர்களுக்குக் கத்தரிக்காய்க் குழம்பு ஊற்றினார்கள். மரக்கால்பட்டுக்கு அம்சா மேல் உள்ள மனக்குறை இன்றுவரைக்கும் அது ஒன்றுதான். கிடாவை அரங்கநாதன் திண்டிவனத்துக்கே கொண்டுபோய் விட்டான். அது கோழிகளோடு சேர்ந்து மறுபடி நனையப் பழகிக்கொண்டதாக லூர்துமேரி சொல்லி அனுப்பினாள்.

குழந்தைக்குக் காந்திமதி என்று பெயர் வைத்தார்கள். வயிற்றுக்குள் பாக்கி விட்ட வளர்ச்சியை எல்லாம் அவள் ஆவணியிலும் புரட்டாசியிலுமாக எடுத்து முடித்தாள். காலையில் குப்புற விழுந்தால் மாலையில் தவழ்ந்தாள். மாவு இடித்து வைப்பதற்குள் பல் முளைத்துவிட்டது. பேச ஆரம்பித்ததும் பழைய வருடத்து விவசாயச் செய்திகளை வானொலிக்காரர் குரலிலேயே ஒப்பித்தாள். பாட்டிக்கும் தாத்தாவுக்கும் நடந்த சண்டைகள் எல்லாம் அவளுக்கு மனப்பாடம். விருந்தாளி வந்தால் கேட்காமலே சொல்லுவாள். ஊர் சிரித்து மாய்ந்தது. அம்சாவால் சிரிக்க முடியவில்லை. மடியில் போட்டுத் தாலாட்டு பாட ஆரம்பித்தால், பாட்டு முடிவதற்குள் பெண் மடியைவிட்டு இறங்கி நடந்து போயிருந்தாள். தைத்த சட்டைக்குப் பொத்தான் வைப்பதற்குள் சட்டை பற்றாமல் போனது. இத்தனை காத்திருந்து கிடைத்தது கையில் நிற்காமல் வழிகிறதே என்று அம்சா பெண்ணின் பின்னாலேயே ஓடினாள்.

விஜயதசமியன்று பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கூட்டிப் போனார்கள். தலைமையாசிரியர் விருத்தாசலம் பிறந்த தேதி கேட்டார். போன ஆடி வெள்ளி என்று தையல்நாயகி சொன்னாள். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், தலைக்கு மேலாகக் கையைக் கொண்டுபோய் அந்தப் பக்கத்துக் காதைத் தொடு என்று பெண்ணிடம் சொன்னார். ஊர்ப் பிள்ளைகளின் வயதுக்கு அப்போது அதைவிடப் பெரிய அத்தாட்சி கிடையாது. காந்திமதி தொட்டாள். விரல் காதைத் தாண்டிக் கம்மலையே பிடித்துவிட்டது. ஐந்து நிறைந்துவிட்டது என்று சொல்லி, ஒன்றாம் வகுப்பில் மூன்றாவது வரிசையில் உட்கார வைத்தார். மற்றப் பிள்ளைகள் அம்மா அம்மா என்று வாசலைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். காந்திமதி சிலேட்டை எடுத்து வைத்துக்கொண்டு கரும்பலகையைப் பார்த்தாள்.

தையல்நாயகியும் அரங்கநாதனும் போன பிறகும் அம்சா போகவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதல் மணி அடித்தது, இரண்டாவது மணி அடித்தது, சத்துணவுக் கூடத்தில் சாம்பார் கொதித்தது, அவள் நின்றுகொண்டே இருந்தாள். விருத்தாசலம் பிரம்போடு வெளியே வந்து, பிரம்பை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு பேசினார்.

“ஏம்மா, மத்த பொம்பளைங்க பத்து மாசம்னா, நீ அஞ்சு வருஷத்துக்கு மேல ஒரு நிமிஷம்கூட எறக்கி வெக்காம கூடவே வெச்சிக்கினு இருந்தவ. இன்னும் போதலியா உனக்கு?”

“போதல சார்.”

அவர் தலையைச் சொறிந்தார். பிறகு கதவை அகலமாகத் திறந்துவிட்டார். அந்த வருடம் முழுப்பரீட்சை வரைக்கும் அம்சா ஒன்றாம் வகுப்பில் மூன்றாவது வரிசையில், மகளை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். காலையில் வாத்தியார் வரிசையாகப் பெயர் படிக்கும்போது காந்திமதிக்கு அடுத்ததாக அம்சா என்றும் கூப்பிடுவார். அவளும் எழுந்து, உள்ளேன் ஐயா என்று சொல்லிவிட்டு உட்காருவாள்.